கதவு திறக்குமுன் கட்டணம்

(பொருளியல் பகுதி)

புதிதாக ஓர் இதழையோ வகுப்பையோ மன்றத்தையோ தொடங்க எண்ணுபவர் முன் முதலில் வந்து நிற்பது ஒரே கேள்வி. "இதனை வேண்டுவோர் உண்டா?" என்பதே அது. நண்பர்களைக் கேட்டால் எல்லோரும் "உண்டு" என்பர். "நல்ல முயற்சி, நடத்துங்கள், நானும் சேர்கிறேன்" என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. ஆசிரியரை அமர்த்தி, இடம் பிடித்து, நாள் குறித்துத் தொடங்கும் அன்று பார்த்தால், சொன்னவர்களில் பலரைக் காணமுடிவதில்லை. அவர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். சொன்ன பொழுது அவர்களுக்கு ஆர்வம் இருந்தது. பணம் கொடுக்கும் அளவுக்கு அந்த ஆர்வம் வளரவில்லை, அவ்வளவே. வாய்ச்சொல்லுக்கும் கைப்பொருளுக்கும் இடையே உள்ள இத் தொலைவைத் தொடங்குமுன்பே அளந்துகொள்ள வழி உண்டா என்பதே இக் கட்டுரையின் பொருள்.

இணையத்தின் வழியே உறுப்பினரைச் சேர்த்து, மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் பெற்று, பாடமோ இதழோ கலந்துரையாடலோ வழங்கும் அமைப்புகள் இன்று பெருகியுள்ளன. இவற்றுள் சில, கதவு திறக்குமுன்பே, சேர விரும்புவோரிடம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அவர்களை வரிசைப்படுத்தி வைக்கின்றன. இதனை "முன்பணக் காத்திருப்புப் பட்டியல்" என்று கூறலாம். தில்லியிலும் வாரணாசியிலும் காரக்பூரிலும் பயிலும் நம் போன்ற தமிழ் மாணவர்கள் இணைய வகுப்பு, இணைய நூலகம், வாசகர் வட்டம் என்று பலவற்றை எண்ணிப் பார்க்கிறோம். ஆதலின் இம்முறையின் நன்மையும் தீமையும் நாம் அறிந்திருக்க வேண்டியவை.

பெயர்ப் பட்டியலும் பணப் பட்டியலும்

காத்திருப்புப் பட்டியல் இருவகைப்படும். பெயரையும் முகவரியையும் மட்டும் வாங்குவது ஒன்று. பெயரோடு பணத்தையும் வாங்குவது மற்றொன்று. முதல் வகை எளிது, விரைவில் நீளும். 2008 ஆம் ஆண்டில், கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனம், தன் கருவி எவ்வாறு இயங்கும் என்பதைக் காட்டும் சிறு படம் ஒன்றை வெளியிட்டது. 5,000 பேராக இருந்த அதன் காத்திருப்புப் பட்டியல் ஒரே இரவில் 75,000 ஆயிற்று என்று அதனைத் தொடங்கிய ட்ரூ ஹூஸ்டன் கூறியுள்ளார். ஆனால் அந்நிறுவனம் அடிப்படைப் பயன்பாட்டை இலவசமாகவே வழங்க இருந்தது. ஆதலின் இலவசப் பட்டியலே அதற்குப் போதுமான சான்றாயிற்று. கட்டணத்தையே நம்பி வாழப்போகும் அமைப்புக்கு அத்தகைய பட்டியல் போதாது. இலவசமாகப் பெயர் கொடுத்தவர் ஆயிரவர் என்பதைக் கொண்டு, பணம் கொடுப்பவர் நூற்றுவரா பதின்மரா என்று கணிக்க இயலாது.

இரண்டாம் வகைப் பட்டியல் மெல்ல வளரும். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் சான்று பெற்ற பெயர். ஒரு ரூபாயாயினும், கையிலிருந்து பணம் எடுக்கும் பொழுது மனிதன் இருமுறை சிந்திக்கிறான். அந்த இரண்டாம் சிந்தனையே நமக்கு வேண்டிய விடை.

பழைய முறையே

இது இணையம் பிறந்த பின் தோன்றிய புதுமை என்று எண்ணற்க. அச்சுத் தொழில் வளர்ந்த காலத்திலேயே இம்முறை இருந்தது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாந்தர் போப், ஓமரின் இலியத்தை மொழிபெயர்த்து 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். தொகுதி ஒன்றுக்கு ஒரு கினி என்று விலை வைத்து, முன்பதிவு செய்த 575 பேரைச் சேர்த்துக்கொண்டார். அவ் வருவாயால் செல்வர் எவரையும் அண்டி வாழாத எழுத்தாளராக அவர் நிமிர்ந்து நின்றார்.

நம் நாட்டிலும் இது நடந்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். தனி ஓர் ஆசிரியரால் தாங்கக்கூடிய அச்சுச் செலவன்று அது. நூலை வாங்க இசைந்தவர்களிடம் முன்னதாகவே கையொப்பம் பெற்று அப் பணியை நடத்தினார். "கையொப்பம்" என்ற சொல்லே அக்காலத்தில் முன்பதிவைக் குறிக்கும் சொல்லாக வழங்கிற்று. பெயரைத் தன் கையால் எழுதிக் கொடுப்பது வாக்குக் கொடுப்பதாகும் என்ற கருத்து அச் சொல்லிலேயே அமைந்திருக்கிறது.

ஆனால் இம்முறைக்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கில அகராதி செய்து புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சன், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பதிப்பிக்கப் போவதாக 1756 இல் அறிவித்து முன்பதிவு வாங்கினார். அடுத்த ஆண்டு இறுதிக்குள் நூல் வெளிவரும் என்பது வாக்கு. வெளிவந்தது 1765 இல். இடையில், பணத்தை வாங்கிக்கொண்டு நூலைத் தரவில்லை என்று சார்லஸ் சர்ச்சில் என்னும் கவிஞர் அவரைக் கவிதையிலேயே எள்ளினார். முன்பதிவு செய்தோர் பட்டியலை நூலில் ஏன் அச்சிடவில்லை என்று கேட்டபோது, பெயர்களைத் தொலைத்துவிட்டதாகவும் பணத்தைச் செலவழித்துவிட்டதாகவும் ஜான்சன் கூறினார் என்று அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறிக்கிறார். ஜான்சன் பேரறிஞர்; உலகம் மன்னித்தது. நம்மை மன்னிக்கும் என்று எதிர்பார்க்க இயலுமா? முன்பணம் வாங்குபவன் செய்யத்தகாத மூன்றும் இந்த ஒரு செய்தியில் உள்ளன: நாள் தவறுதல், பட்டியலைத் தொலைத்தல், பணத்தை முன்னரே செலவிடுதல்.

டச்சு நாட்டு இதழ் ஒன்று

இணைய உறுப்பினர் முறைக்கு நேராகப் பொருந்தும் சான்று நெதர்லாந்து நாட்டில் கிடைக்கிறது. செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியராக முன்பு இருந்த ராப் வைன்பெர்க் என்பவரும் அவர் நண்பர்களும், விளம்பரமே இல்லாத இணைய இதழ் ஒன்றைத் தொடங்க 2013 ஆம் ஆண்டு திட்டமிட்டனர். இதழின் பெயர் "டி கரஸ்பாண்டென்ட்". இதழ் அப்பொழுது இல்லை. படித்துப் பார்க்க ஒரு கட்டுரையும் இல்லை. "ஆண்டுக்கு 60 யூரோ தருவோர் 15,000 பேர் சேர்ந்தால் தொடங்குவோம்" என்று அறிவித்தனர். தொலைக்காட்சியில் இச்செய்தி வந்தது. எட்டே நாளில் அவ்வெண் நிறைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் இதழ் வெளிவந்தது.

இவர்கள் செய்தவற்றுள் கருதத்தக்கவை மூன்று. எண்ணை வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த எண் நிறைந்தால்தான் தொடங்குவோம் என்றார்கள். பணம் வாங்கிய அதே ஆண்டிலேயே இதழைக் கொடுத்தார்கள்.

அவ்வெற்றியைக் கண்டு, அதே குழுவினர் ஆங்கிலத்திலும் ஓர் இதழ் நடத்த முற்பட்டனர். 2018 நவம்பரில் தொடங்கி 30 நாளில் 25 இலட்சம் டாலர் திரட்டுவது நோக்கம். விரும்பிய தொகையைக் கொடுக்கலாம் என்றனர். 45,000-க்கும் மேற்பட்டோர் பணம் கொடுத்தனர், நோக்கம் நிறைவேறிற்று. ஆனால் 2019 மார்ச்சு மாதத்தில் ஒரு மனக்கசப்பு எழுந்தது. இதழின் அலுவலகம் அமெரிக்காவில் அமையும் என்று நம்பிப் பணம் கொடுத்தவர் பலர். அங்கே அலுவலகம் அமையாது, ஆம்ஸ்டர்டாமிலிருந்தே இதழ் நடக்கும் என்று தெரிந்ததும் அவர்கள் வருந்தினர். இதழை நடத்துவோர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2019 செப்டம்பரில் இதழ் வந்தது. 2020 ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. உறுப்பினர் தம் சந்தாவைப் போதிய அளவில் புதுப்பிக்கவில்லை என்பது முதன்மையான காரணம். பெருந்தொற்றுக் காலமும் சேர்ந்துகொண்டது.

ஒரே குழு, ஒரே முறை. முடிவு மட்டும் வேறு. இதிலிருந்து நாம் அறிவது யாது? முன்பணம் கொடுப்பவர் வாங்குவது பொருளை அன்று; வாக்கை. வாக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பணம் நம்பத்தக்க சான்று. வாக்கு மங்கலாக இருந்தால், ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ள ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிடுவர். பிறகு ஒருவருக்குத் தந்தது மற்றவருக்கு ஏமாற்றமாகும். மற்றொன்றும் அறிகிறோம். முன்பணம் முதல் தேர்வு மட்டுமே. இரண்டாம் ஆண்டுச் சந்தா வரும்போதுதான் உண்மையான தேர்வு முடிவு வெளியாகும்.

கணக்கு

இனி, ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் கணக்கிடுவோம். தமிழகத்துக்கு வெளியே வளர்ந்து, தமிழ் பேச அறிந்தும் படிக்க அறியாத மாணவர் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகத் தமிழ் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கும் இணைய உறுப்பினர் திட்டம் ஒன்றை ஒரு சங்கம் தொடங்குவதாகக் கொள்வோம். கீழ்வரும் எண்கள் யாவும் விளக்கத்துக்காகக் கொண்டவையே.

ஆசிரியருக்கு மாதம் ரூ. 8,000 வீதம் பத்து மாதத்துக்கு ரூ. 80,000. இணைய வகுப்புக்கும் இணையதளத்துக்கும் ஆண்டுக்கு ரூ. 16,000. ஆக, எத்தனை பேர் சேர்ந்தாலும் மாறாத செலவு ரூ. 96,000. பயிற்சி ஏடு அச்சிட்டு அஞ்சலில் அனுப்ப ஒருவருக்கு ரூ. 200. ஆண்டுக் கட்டணம் ரூ. 1,000. ஒருவர் செலுத்தும் ஆயிரத்தில் ஏட்டுக்கு இருநூறு போக, எண்ணூறு மாறாச் செலவுக்கு உதவும். 96,000-ஐ 800-ஆல் வகுக்க 120. அதாவது, 120 பேர் முழுக் கட்டணம் செலுத்தினால் திட்டம் தன் காலில் நிற்கும்.

இப்பொழுது முன்பணம் ரூ. 200 என்று வைப்போம். முன்பணம் கொடுத்தவர் எல்லோரும் மீதம் எண்ணூறையும் கொடுத்துச் சேர்வர் என்று கொள்ளலாகாது. நால்வரில் மூவர் சேர்வர் என்று கொண்டால், 120 பேர் சேர 160 பேரின் முன்பணம் வேண்டும். இருவரில் ஒருவர்தான் சேர்வர் என்றால் 240 பேர் வேண்டும். ஆகவே, "120 பேர் முன்பணம் கட்டிவிட்டனர், திட்டம் வெற்றி" என்று மகிழ்ந்து ஆசிரியரோடு ஓராண்டு ஒப்பந்தம் செய்துகொள்பவர், ஆண்டின் நடுவில் கடனில் நிற்பார்.

நால்வரில் எத்தனை பேர் சேர்வர் என்பதை எவ்வாறு அறிவது? பட்டியலில் முதல் இருபதின்மரை மட்டும் முதலில் அழைத்து, மீதக் கட்டணம் செலுத்தச் சொல்லிப் பார்ப்பதே வழி. பதினைவர் வந்தால் முதற் கணக்குச் சரி. பதின்மர் வந்தால் இரண்டாம் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். சிறு குழுவாக அழைப்பதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. பாடத்தில் உள்ள குறைகள் இருபது பேரிடம் தோன்றித் திருந்தும். இருநூறு பேரிடம் தோன்றினால் அவப்பெயராகும்.

பட்டியலில் உள்ள பெயர்களை மற்றொரு வகையிலும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் அறைத் தோழரும் வகுப்புத் தோழரும் நம்மேல் உள்ள அன்பினால் இருநூறு ரூபாய் கொடுப்பர். அது நட்புக்குச் சான்று, திட்டத்துக்குச் சான்றன்று. நம்மை அறியாத ஒருவர், திட்டத்தைப் படித்துப் பார்த்துப் பணம் அனுப்பினால், அவ்வொரு பெயர் பத்து நண்பர் பெயர்களுக்கு ஈடு.

எவ்வளவு முன்பணம் வாங்குவது? மிகச் சிறிது வாங்கினால் சான்று வலுவிழக்கும். முழுக் கட்டணத்தையும் வாங்கினால், இல்லாத பொருளுக்கு அவ்வளவு பணம் தர நெஞ்சுரம் கொண்டவர் மட்டுமே வருவர். மாணவர் பலர் பின்வாங்குவர். கட்டணத்தில் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவு, சான்றும் தரும், சுமையும் ஆகாது.

வாக்கில் இருக்க வேண்டியவை

முன்பணம் கேட்கும் அறிவிப்பில் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும்.

முதலாவது, என்ன தரப்படும் என்பது. "தமிழ் வளர்ப்போம்" என்று எழுதினால் போதாது. வாரம் எத்தனை வகுப்பு, எவ்வளவு நேரம், எத்தனை மாதம் என்று எழுத வேண்டும். எது தரப்படாது என்பதையும் எழுதினால் மேலும் நன்று.

இரண்டாவது, நாள். எந்நாளில் தொடங்கும் என்றும், எந்நாளுக்குள் தொடங்காவிட்டால் பணம் தானே திரும்பும் என்றும் இரண்டு நாள்களைக் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, எண். எத்தனை பேர் சேர்ந்தால் தொடங்கும். எத்தனை பேருக்கு மேல் சேர்க்கப்பட மாட்டாது.

நான்காவது, திரும்பப் பெறும் உரிமை. கதவு திறக்கும் வரை, காரணம் கேளாமல் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று எழுதுவது நேர்மை. இணையத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனங்கள் பிடித்துக்கொள்ளும் சிறு கட்டணம், பணத்தைத் திருப்பும்போது நமக்கு எப்போதும் திரும்பக் கிடைப்பதில்லை. அந்த இழப்பைச் சங்கமே ஏற்க வேண்டும். காத்திருந்தவர் தலையில் சுமத்தலாகாது.

ஐந்தாவது, காத்திருப்பவருக்கு என்ன நன்மை என்பது. முதல் ஆண்டுக் கட்டணத்தில் குறைவோ, முதலில் சேரும் உரிமையோ, பாடத்திட்டத்தை வகுப்பதில் பங்கோ தரலாம். இம்மூன்றில் கடைசியானதற்குச் செலவு குறைவு, பயன் மிகுதி. எழுத்திலிருந்து தொடங்கலாமா, செய்தித்தாளிலிருந்து தொடங்கலாமா என்று அவர்களையே கேட்டால், காத்திருக்கும் மாதங்கள் வீணாகா.

இங்கே ஓர் எச்சரிக்கை. "இன்னும் மூன்றே இடங்கள்", "இன்றிரவு கதவு அடைபடும்" என்று இல்லாத அவசரத்தை உண்டாக்கி ஆள் சேர்க்கும் பழக்கம் இணைய வணிகத்தில் மலிந்துள்ளது. மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில், நுகர்வோரை மயக்கும் 13 வகைச் சூழ்ச்சிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொய்யான அவசரம் அவற்றுள் ஒன்று. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறியும் அவற்றுள் ஒன்று. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல. நாளை விடுதி உணவகத்தில் முகம் பார்த்துப் பேச வேண்டியவர்களிடம் இத்தகைய சூழ்ச்சி வேண்டா.

பணம் யார் கையில்?

முன்பணம் வருவாய் அன்று, கடன். வகுப்பு தொடங்கும் வரை அது கொடுத்தவருடையது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 160 பேரிடமிருந்து ரூ. 32,000 சேரும். அவர்களில் 40 பேர் விலகினால் ரூ. 8,000 உடனே திருப்பித் தர வேண்டும். யார் விலகுவர் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆதலின் 32,000 ரூபாயும் தொடாமல் இருக்க வேண்டும். அதிலிருந்து விழா மேடைக்குக் கொஞ்சம், விளம்பரத் தாளுக்குக் கொஞ்சம் என்று எடுப்பவர், ஜான்சன் சென்ற வழியில் செல்பவரே.

மாணவர் சங்கங்களுக்கென்று தனி இடர் ஒன்றும் உண்டு. கடையும் நிறுவனமும் ஆண்டுதோறும் ஆள் மாறுவதில்லை. நம் சங்கத்தில் செயலாளர் மாறுவார், பொருளாளர் மாறுவார், படிப்பு முடிந்ததும் ஊருக்கே போய்விடுவார். பிப்ரவரியில் முன்பணம் வாங்கிய பொருளாளர் மே மாதத்தில் பட்டம் பெற்று விடைபெறுகிறார். ஜூலையில் வகுப்பு தொடங்க வேண்டியவர் புதியவர். பணம் பழையவரின் சொந்தக் கணக்கில், அவருடைய கைபேசி எண்ணோடு இணைந்து கிடக்கிறது. இதில் தீய எண்ணம் யாருக்கும் இல்லாமலே எல்லோருக்கும் இழப்பு நேரும். எனவே பணம் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கில், இருவர் கையொப்பத்தோடு எடுக்கும் முறையில் இருக்க வேண்டும். அத்தகைய கணக்கு இல்லையேல், முதலில் கணக்கு, பிறகே பட்டியல். பெயர், தொகை, நாள், இரசீது எண் ஆகிய நான்கும் கொண்ட பதிவேடு, பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் புதியவர் கைக்கு எழுத்து மூலம் மாற வேண்டும். இயன்றால், முன்பணம் வாங்குவதும் கதவு திறப்பதும் ஒரே நிருவாகக் குழுவின் காலத்திலேயே நிகழுமாறு நாள் குறிப்பது நலம்.

சட்டம் பற்றிச் சில செய்திகள். திட்டம் வளர்ந்து, பதிவு பெற்ற நிறுவனமாக நடத்தப்படுமானால், சேவைக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் அந்தச் சேவைக்கு ஈடுசெய்ய வேண்டும். தவறினால், 2014 ஆம் ஆண்டு விதிகளின்படி அது பொதுமக்களிடம் பெற்ற வைப்புத்தொகை போலக் கருதப்பட இடமுண்டு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றோர்க்கு, சேவைக்கான முன்பணம் கைக்கு வரும்போதே வரிப்பொறுப்பு எழும். மேலும், முன்பணம் கொடுத்தவரின் கணக்கிலிருந்து மீதக் கட்டணத்தை நாமே எடுத்துக்கொள்ளும் உரிமை தானாக வந்துவிடாது. அட்டை வழியே தொடர்ந்து சந்தா எடுப்பதற்கு, முதலில் அவர் தனியே இசைவு பதிய வேண்டும்; ஒவ்வொரு முறையும் பணம் எடுக்குமுன் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அவருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி நெறி இது.

எண் நிறையாவிட்டால்

160 பேர் வேண்டிய இடத்தில் 35 பேர்தான் வந்தனர் என்று வைத்துக்கொள்வோம். பலர் இதனைத் தோல்வி என்பர். நாள் நீட்டிப்பர், நண்பரை வற்புறுத்துவர், எப்படியாவது தொடங்கிவிடுவர். அதுதான் உண்மையான தோல்வி. பட்டியல் தன் வேலையைச் செய்துவிட்டது. 96,000 ரூபாய் செலவழித்து அறியவேண்டிய உண்மையைச் சில நூறு ரூபாயில் அறிவித்துவிட்டது. குறித்த நாளில் 35 பேருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பி, "இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் வேண்டும், ஆகையால் தொடங்கவில்லை" என்று எழுதுவதே முறை. பணம் சொன்ன நாளில் திரும்பி வந்ததைக் கண்ட 35 பேரும், அடுத்த முயற்சிக்கு அச்சமின்றி வருவர். அவர்களையே வைத்து, ஆசிரியர் ஊதியமின்றி மூத்த மாணவரே வாரம் ஒருநாள் கற்பிக்கும் சிறு வகுப்பாகத் தொடங்கவும் முடியும். அது வேறு திட்டம், வேறு வாக்கு, புதிதாகக் கேட்டு இசைவு பெற வேண்டும்.

நண்பர்களே! ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்குச் சங்கம் என்பது ஒரு முதல். அதன் பெயரைச் சொன்னால் முன்பின் அறியாத முதலாண்டு மாணவனும் இருநூறு ரூபாயை எடுத்துக் கொடுப்பான். அப்பெயரை முன்னையோர் பல ஆண்டு உழைத்துச் சேர்த்தனர். முன்பணம் வாங்கும்போது நாம் செலவிடுவது அந்தப் பெயரை. கணக்கோடு செலவிட்டால் அது வளரும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஆண்டுக் கட்டணத்தை ரூ. 800 ஆகக் குறைத்தால் எத்தனை உறுப்பினர் வேண்டும்? நால்வரில் மூவர் சேர்வர் எனின், எத்தனை பேரின் முன்பணம் வேண்டும்?

2. டச்சு இதழ் எல்லோரிடமும் ஒரே கட்டணம் கேட்டது. ஆங்கில இதழ் விரும்பிய தொகை கேட்டது. தேவையை அளந்தறிவதற்கு இவற்றுள் எது தக்கது? ஏன்?

3. உங்கள் சங்கத்தில் இன்று முன்பணம் வாங்கினால், அது யார் பெயரில் உள்ள கணக்கில் சேரும்? அவர் அடுத்த ஆண்டு எங்கே இருப்பார்?